குடும்பச் சண்டையும் கொலையும் கலந்த ஒரு நல்ல பிரெஞ்சு டார்க் காமெடி படம் சொல்ல முடியுமா? ஏன் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

'லா புவாசோன்'. 1951-இல் வந்தது. எழுதி இயக்கியவர் சாஷா கித்ரி, நாயகன் மிஷேல் சிமோன். கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த வகையில் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். புதிதாக வந்த எத்தனையோ படங்கள் ரத்தத்தை வாளி வாளியாக ஊற்றியும் இதில் பாதி அளவுக்குக்கூட விஷமத்தனம் செய்ய முடியாமல் தவிக்கின்றன.

கதையைத் தொடாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. கதை தெரியக்கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், பார்த்துவிட்டு வாருங்கள். இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: யார் யாரைக் கொன்றார் என்று தெரிந்துவிட்டால் சப்பென்று போய்விடும் படம் இல்லை இது. கொலை நடக்கப் போகிறது என்பது முதல் பத்து நிமிடத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும்.

ரெமோன்வில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே போல் ப்ராகோனியே என்கிற தோட்டக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், மனைவி ப்லாந்தினோடு முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார். குடும்பம் என்று சொல்வதே அதிகம். அந்த அம்மாள் எந்நேரமும் ஒயின் பாட்டிலும் கையுமாக இருக்கிறாள், தலை வாருவதில்லை, வாயைத் திறந்தால் வசவு. அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பாருங்கள், ரேடியோ மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கும். ஊர்ப் பாதிரியாரிடம் போய் போல் தன் குறையைக் கொட்டுகிறார். பாதிரியாரும் பொறுமையாகக் கேட்டு, பாதிரியார்கள் சொல்வதைச் சொல்லி அனுப்புகிறார். இந்தப் பக்கம் ப்லாந்தின் மருந்துக் கடைக்குப் போய் எலி மருந்து வாங்கி வருகிறாள். வீட்டில் எலி இருக்கிறதா இல்லையா என்று படம் காட்டுவதில்லை, காட்டவும் தேவையில்லை.

ஆக, இருவருமே ஒருவரையொருவர் தீர்த்துக்கட்ட நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது ஒருவருக்கு மற்றவரைப் பற்றித் தெரியாது. இதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய கதைதான்.

அப்புறம்தான் கித்ரி வேலையைக் காட்டுகிறார். ஒரு நாள் ரேடியோவில் பாரிஸ் வக்கீல் ஒருவரின் பேட்டி வருகிறது. ஒபனெல் என்று பெயர். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடி நூறாவது விடுதலையை வாங்கிக் கொடுத்துவிட்டாராம், அதைக் கொண்டாடுகிறார்கள். போல் காதைத் தீட்டிக்கொள்கிறார். மறுபடியும் யோசிக்கிறார். பாரிஸுக்குப் போய் அந்த வக்கீலின் அலுவலகத்தில் உட்கார்ந்து, "ஐயா, நான் என் மனைவியைக் கொன்றுவிட்டேன்" என்கிறார்.

ப்லாந்தின் அப்போது வீட்டில் உயிரோடு, நன்றாகத்தான் இருக்கிறாள்.

இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம், நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பதும் இதைத்தான். வக்கீலுக்கு இது அன்றாட வேலை. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தால் என்ன கேட்பாரோ அதைக் கேட்கிறார். எதனால் குத்தினாய், அது எங்கே இருந்தது, எடுத்துப்போனாயா அங்கேயே கிடந்ததா, எத்தனை முறை, அதற்கு முன் என்ன நடந்தது. எல்லாம் நியாயமான கேள்விகள்தான், எந்த வக்கீலும் கேட்பார். போல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலைப் போட்டுப் பார்த்துவிட்டு வக்கீலின் முகத்தைக் கவனிக்கிறார். அந்த முகம் சுருங்கினால் அது தப்பான வழி, மலர்ந்தால் சரியான வழி. இப்படிச் செய்திருந்தால் நல்லதா, அப்படி இருந்திருந்தால் உங்களுக்கு வசதியாக இருக்குமா என்று ஒன்றும் அறியாத கிராமத்தான் போல நடுவில் நுழைக்கிறார். வக்கீலும் தன் தொழில் திறமையைக் காட்டும் உற்சாகத்தில் எல்லாவற்றையும் விளக்குகிறார். திட்டமிட்டதாகத் தெரியக்கூடாது, கைக்கு எட்டிய பொருளாக இருக்க வேண்டும், ஆத்திரத்தில் நடந்ததாக இருக்க வேண்டும், ஜூரிகளின் மனம் எங்கே இளகும், எங்கே இறுகும். ஒரு கொலையை எப்படிச் செய்தால் தலை தப்பும் என்கிற முழுப் பாடத்தையும் நாட்டின் தலைசிறந்த கிரிமினல் வக்கீல் தன் வாயாலேயே நடத்தி முடிக்கிறார். தான் நடத்துவது தெரியாமலே நடத்துகிறார்.

போல் நன்றி சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். அங்கே கற்றதை இங்கே அப்படியே செய்கிறார். அன்று ப்லாந்தினும் அவர் குடிக்கப்போவதில் விஷத்தைக் கலந்து வைத்திருக்கிறாள், ஆனால் கத்தி முந்திக்கொள்கிறது. அந்த விஷமே பிறகு வழக்கில் அவருக்குக் கைகொடுக்கிறது. பாவம், அந்த அம்மாள் வாங்கிய எலி மருந்துகூடப் பலிக்கவில்லை.

சிமோன் அந்த வக்கீல் அலுவலகக் காட்சியில் செய்திருப்பது கொஞ்சநஞ்சம் இல்லை. கண்ணை அகட்டுவது, உதட்டைத் தொங்கவிடுவது என்று எதையும் அவர் பெரிதாகச் செய்வதில்லை, ஆனால் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் அந்தப் பெரிய முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது தெரிகிறது. எதிரே ஒபனெலாக நடிக்கும் ழான் தெபுகூர் வழுவழுப்பான மேல்தட்டுக் குரலில் பேசப்பேச, கிராமத்தான் முகம் தெளிந்துகொண்டே வரும். தன்னால் ஒரு காட்சியை ஒரு தடவைதான் உயிரோடு நடிக்க முடியும், ஆகவே எல்லாமே ஒரே டேக்கில் எடுக்க வேண்டும் என்பது சிமோன் போட்ட நிபந்தனை. கித்ரி ஒத்துக்கொண்டு அப்படியே எடுத்தார். மொத்தப் படப்பிடிப்பும் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிட்டது. அவசரத்தில் எடுத்த படம் என்று சில இடங்களில் தெரியத்தான் செய்கிறது, கேமரா பெரிதாக எங்கும் நகராது, மேடை நாடகம் பார்ப்பதுபோல் தோன்றும். எனக்கு அது குறையாகப் படவில்லை. பேச்சே சண்டையாக இருக்கிற படத்தில் கேமரா குதித்துக்கொண்டிருந்தால் எரிச்சல்தான் வரும்.

சரி, இத்தனை வெறுப்பு இருந்தால் விவாகரத்து வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பிரான்ஸில் விவாகரத்துச் சட்டத்தின் கதை கொஞ்சம் கோணலானது. புரட்சிக் காலத்தில் கொண்டுவந்தார்கள், 1816-இல் அடியோடு ஒழித்தார்கள், 1884-இல் திரும்ப வந்தது. ஆனால் திரும்ப வந்ததில் ஒருவர் மற்றவர் மேல் குற்றம் சாட்டி நிரூபித்தால்தான் பிரிய முடியும். இருவருக்கும் ஒத்துவரவில்லை, மனமொத்துப் பிரிகிறோம் என்று சொல்லும் வழி 1975-இல்தான் வந்தது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில், 1951-இல், அப்படி ஒரு வழக்கைப் போட்டு ஊர் சிரிக்க நிற்பதைவிடக் கொலை சுலபம் என்று ஒருவருக்குத் தோன்றுவதில்தான் படத்தின் முதல் கறுப்புச் சிரிப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் மரண தண்டனையும் அமலில் இருந்தது. தலையை வெட்டும் இயந்திரமான கில்லட்டின் கடைசியாக இறங்கியது 1977-இல், தண்டனையை ஒழித்தது 1981-இல். போல் வக்கீலிடம் போனது சும்மா இல்லை, கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

படத்தில் இன்னொரு இழை ஓடுகிறது, அது எனக்குக் கொலையைவிடப் பிடிக்கும். ரெமோன்வில்லில் வியாபாரம் படுத்துவிட்டது. யாரும் ஊருக்கு வருவதில்லை. கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து பாதிரியாரிடம் போய், ஏதாவது ஒரு அற்புதம் நடந்ததாகக் கிளப்பிவிட்டால் பக்தர்கள் கூட்டம் வரும், நமக்கும் நாலு காசு பார்த்ததாக இருக்கும் என்று கேட்கிறார்கள். இதைக் கூசாமல் ஒரு மனுவைப்போல வைக்கிறார்கள். பாதிரியார் மறுத்துவிடுகிறார். அற்புதம் கிடைக்கவில்லை, ஆனால் கொஞ்ச நாளில் கொலை கிடைத்துவிடுகிறது. பத்திரிகைகளில் ஊர்ப் பெயர் அடிபடுகிறது, ஆட்கள் வர ஆரம்பிக்கிறார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே ஒரு வீடு இரண்டுபட்டதில் ஊரே கொண்டாடுகிறது. ப்லாந்தின் செத்ததற்கு வருத்தப்படுகிறவர் யார் என்று தேடிப் பாருங்கள், கண்டுபிடிப்பது கஷ்டம்.

இந்த ஊர்க்காரர்களில் ஒல்லியாக ஒருவர் வருவார், கவனியுங்கள், லூயி த ஃபியுனெஸ். அப்போது அவரை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அறுபதுகளில் பிரான்ஸே கொண்டாடிய நகைச்சுவை நடிகர் இங்கே இரண்டு மூன்று காட்சிகளில் வந்துவிட்டுப் போகிறார்.

கொலைக்குப் பிறகு சிறையில் நடக்கும் சந்திப்பு வக்கீல் அலுவலகக் காட்சிக்குப் பதில் மொய் மாதிரி. அன்றைக்கு நான் உங்களிடம் வந்தபோது அவள் உயிரோடு இருந்தாள், உங்களிடம் கேட்டுக்கொண்டு போய்த்தான் செய்தேன் என்று போல் போட்டு உடைக்கிறார். ஒபனெலுக்கு ஆடிப்போகிறது. இந்த வழக்கை எடுக்க மாட்டேன் என்று குதிக்கிறார். எடுக்காமல் எங்கே போவது? வெளியே தெரிந்தால், கொலைக்கு யோசனை சொன்னவர் யார் என்ற கேள்வி வரும். நூறு பேரைக் காப்பாற்றிய பெருமை முழுக்க இந்த ஒரு தோட்டக்காரரின் வாயில் இருக்கிறது. போல் மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை, நடந்ததை நடந்தபடி அடுக்குகிறார். அவ்வளவுதான்.

விசாரணைக் காட்சிக்கு ஒரு சின்னக் குறிப்பு. பிரான்ஸின் கொலை வழக்கு நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரிடம் தலைமை நீதிபதியே நேரடியாகக் கேள்வி கேட்பார், ஜூரிகளும் நீதிபதிகளும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வார்கள். இரண்டு வக்கீல்கள் மாறி மாறிக் கத்தும் கோர்ட் காட்சிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதலில் விநோதமாக இருக்கும். ஆனால் இந்த ஏற்பாடு இருப்பதால்தான் போல் வக்கீலை ஓரமாக உட்காரவைத்துவிட்டுத் தானே நீதிபதியோடு மல்லுக்கு நிற்க முடிகிறது. நான் முந்தியிருக்காவிட்டால் இன்று செத்திருப்பேன், இந்தக் கூண்டில் அவள் நின்றிருப்பாள் என்கிற மாதிரி அவர் எடுத்துவைக்கும் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குள் கூடத்தில் இருப்பவர்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். இதே நேரத்தில் ஊரில் பிள்ளைகள் தெருவில் கூடி அந்த வழக்கையே விளையாட்டாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களின் நீதிமன்றத்தையும் பிள்ளைகளின் விளையாட்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார் கித்ரி. எது விளையாட்டு என்ற சந்தேகத்தை நம்மிடமே விட்டுவிடுகிறார்.

நீதித்துறை மேல் இவருக்கு இவ்வளவு காட்டம் ஏன் என்பதற்குப் பின்னணி இருக்கிறது. கித்ரி இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பாரிஸ் நாடக உலகின் ராஜா. நூறுக்கு மேல் நாடகங்கள் எழுதியவர். ஜெர்மானியர்கள் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த வருஷங்களிலும் நாடகம் போட்டுக்கொண்டு, அவர்களின் அதிகாரிகளோடு பழகிக்கொண்டுதான் இருந்தார். 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலையாகும் நேரத்தில் எதிரியோடு ஒத்துழைத்தார் என்று பிடித்துக்கொண்டுபோய் அறுபது நாள் உள்ளே வைத்தார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போய் 1947-இல் ஒன்றும் இல்லை என்று தள்ளுபடியானது. அந்த அறுபது நாளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இந்தப் படத்தின் சிறை அறை செட்டைக்கூடத் தன் நினைவிலிருந்து சொல்லித்தான் போடவைத்தார் என்பார்கள். அவர் மேல் மக்களுக்கு வந்த கோபம் முழுக்க ஆதாரமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன், பட்டினி கிடந்த ஊரில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை யாருக்குப் பிடிக்கும்? ஆனால் விசாரிக்காமல் அடைத்துவைத்ததும் அவர் பிறகு அதை மறக்காததும் உண்மை. அந்த மனக்கசப்புதான் இந்தப் படத்துக்குப் பல்லைக் கொடுத்திருக்கிறது. அவருடைய பழைய நாடகங்களில் இந்த அளவு கடுப்பு கிடையாது.

குடும்பச் சண்டை விஷயத்திலும் ஆள் அனுபவசாலி. ஐந்து கல்யாணம், ஐந்து பேரும் நடிகைகள். புகழ்பெற்ற நடிகரான அப்பா லூசியனோடு பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்.

இப்போது எனக்குப் படத்தோடு இருக்கும் தகராறைச் சொல்கிறேன். ப்லாந்தினுக்குப் படம் நியாயம் செய்யவில்லை. அவள் ஏன் குடிக்கிறாள், முப்பது வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தாள், அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது என்று ஒரு வரிகூடக் கிடையாது. போலுக்குப் பாதிரியார் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், ஊர் இருக்கிறது, நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் பேச வாய்ப்பு இருக்கிறது. அவளுக்கு ஒரு பாட்டில் மட்டும். தலைப்பே அவளைத் திட்டும் தலைப்புதான், விஷம் பிடித்தவள் என்கிற மாதிரி. கித்ரி பெண்களைப் பற்றி எழுதியதில் பல இடங்களில் இந்தக் கோணல் உண்டு, அந்தக் காலம் அப்படி என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. ஜெர்மேன் ரூவேர் என்கிற நடிகை கொஞ்சமும் கூச்சப்படாமல் அந்த வேடத்தைச் செய்திருக்கிறார். விஷத்தை வாங்கிக்கொண்டு வந்து அவள் கணவனைப் பார்க்கும் பார்வையில், எழுதப்படாத அந்தக் கதையில் கொஞ்சம் தெரிகிறது. அதற்கு மேல் படம் அவளைச் சீண்டுவதே இல்லை. விடுதலையாகி வரும் போலை ஊரார் தூக்கிக் கொண்டாடும்போது நீங்களும் சிரிப்பீர்கள், அடுத்த நொடி எதற்குச் சிரித்தோம் என்று ஒரு மாதிரி இருக்கும். கித்ரி அதைத் திட்டமிட்டுச் செய்தாரா, இல்லை நம் காலம் மாறியதால் நமக்கு அப்படித் தோன்றுகிறதா என்பதில் என் நண்பர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. திட்டமிட்டதுதான் என்பது என் கட்சி. அற்புதம் கேட்டுப் போன அதே கடைக்காரர்கள்தானே தூக்குகிறார்கள்?

படம் ஆரம்பிக்கும்போது டைட்டில் போடும் பகுதியைத் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள். எழுத்துகள் வராது. கித்ரியே திரையில் வந்து, முதலில் மிஷேல் சிமோனை உட்காரவைத்து முகத்துக்கு நேரே புகழ்ந்து தள்ளுவார், சிமோன் நெளிவார். பிறகு செட்டுக்குள் நடந்துபோய் நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் என்று ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்துவார். தற்பெருமைக்காரர் என்று பெயர் வாங்கியவர் மற்றவர்களுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குவது ஆச்சரியம். இப்படி அவர் டைட்டிலைப் பேசியே காட்டுவது 1936-இலேயே ஆரம்பித்த பழக்கம். த்ருஃபோ போன்ற அடுத்த தலைமுறை இயக்குநர்கள் இவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டதற்கு இதுபோன்ற விளையாட்டுகளும் காரணம்.

இதை 2001-இல் திரும்ப எடுத்தார்கள், 'அன் க்ரீம் ஓ பாரதி' என்று. இயக்கம் ழான் பெக்கர், ழாக் வில்ரே, ழோசியான் பலாஸ்கோ நடித்தது. கதை 1980-க்கு நகர்ந்திருக்கிறது, வண்ணப் படம், நடிகர்கள் நல்லவர்கள். ஆனால் போலை அப்பாவியாக, நமக்குப் பிடித்தவராக ஆக்கப் பார்த்திருக்கிறார்கள், அதில் காரம் போய்விட்டது. சிமோனின் போல் நல்லவரும் இல்லை, அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

கறுப்பு வெள்ளை ஒத்துவராது என்றால் ஃப்ரான்சுவா ஓசோனின் 'எட்டுப் பெண்கள்' பாருங்கள், 2002-இல் வந்தது. பனியில் சிக்கிய ஒரு வீடு, முதுகில் கத்தியோடு வீட்டுத் தலைவர், சந்தேகத்துக்குரியவர்கள் எட்டு பேர், எல்லாம் வீட்டுப் பெண்கள். நடுநடுவே ஆளுக்கொரு பாட்டு பாடுவார்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். கத்ரீன் தெனவ், இசபெல் உப்பேர், தனியேல் தாரியோ எல்லாம் ஒரே படத்தில். பெர்லின் விழாவில் எட்டு பேருக்கும் சேர்த்து வெள்ளிக்கரடி கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க அதுதான் வசதி. இன்னும் இருட்டாக வேண்டும் என்பவர்களுக்கு பெர்த்ரான் தவெர்னியேயின் 'கூ த தோர்ஷோன்' (1981) இருக்கிறது: 1938-இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவில் எல்லோரும் ஏளனம் செய்யும் ஒரு போலீஸ்காரர், வீட்டில் மனைவி, மனைவியின் தம்பி என்று சொல்லிக்கொண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒருவன், ஒரு கட்டத்தில் போலீஸ்காரர் ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்க்க ஆரம்பிக்கிறார். ஃபிலிப் நுவாரே நடிப்பு அசாத்தியம். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், முதலில் 'லா புவாசோன்'. பழைய படங்களை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான க்ரைட்டீரியன் 2017-இல் துலக்கி வெளியிட்ட பிரதியில் ஆங்கில சப்டைட்டில் உண்டு, பேச்சு மழையாகக் கொட்டும் படம் என்பதால் நல்ல சப்டைட்டில் இல்லாமல் மட்டும் உட்காராதீர்கள்.